கீழ்க்காய்நெல்லியும் மஞ்சட்காமாலையும்

மஞ்சட்காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது கீழ்க்காய்நெல்லி. இலைகளின் கீழே சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் நீண்டகாலமாகத் தொற்றியிருந்தோருக்குச் சென்னை ஆய்வாளர்கள் இதன் பொடியை 30 நாட்கள் கொடுத்தனர். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்புறப் புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988இல் 'லான்செட்' இதழ் இம்முடிவை வெளியிட்டது. ஆனால் பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

மஞ்சட்காமாலை ஒரு நோயல்ல, அறிகுறியே. வைரஸ், பித்தக்கல், எலிக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. எனவே மூலிகையை நம்புவோரும் தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்து காரணத்தை அறிந்துகொள்வது அவசியம்.