கொள்ளைச் சஞ்சிகைகள்

ஆசிரியரிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு, நிபுணர் பரிசீலனை முறைப்படி நடந்தேறியதாகப் பறைசாற்றி, வந்த கட்டுரைகளைப் படித்தும் பாராமல் பிரசுரிக்கும் ஆராய்ச்சிப் பத்திரிகைகள் கொள்ளைச் சஞ்சிகைகள் எனப்படும். கட்டணம் வாங்குவது தன்னளவில் குற்றமன்று. 2002-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் பிரகடனத்தையொட்டி வலுப்பெற்ற, எவரும் விலையின்றிப் படிக்கத்தக்க திறந்த பதிப்புமுறையில் நாணயமான பத்திரிகைகள் பலவும் அவ்வாறே ஜீவிக்கின்றன. நடவாத பரிசீலனைக்கு நடந்ததாகச் சாட்சி சொல்வதே இதன் அதர்மம்.

அவ்வதர்மம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை ஜான் பொஹானன் என்னும் பத்திரிகையாளர் 2013 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை காட்டிற்று. லைக்கனிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறதென்று ஒரு கட்டுரையைக் கற்பித்து, இல்லாத ஆப்பிரிக்க நிறுவனங்களைச் சேர்ந்த இல்லாத விஞ்ஞானிகளின் பெயரால் அதை 304 திறந்த பத்திரிகைகளுக்கு அவர் அனுப்பினார். மருந்தின் அளவு கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்று வாசகம் சாதிக்க, அதனோடு வந்த வரைபடமோ அளவு எதுவாயினும் பலன் ஒன்றே என்று காட்டிற்று. 157 பத்திரிகைகள் ஏற்றன, 98 மறுத்தன. விஞ்ஞானப் பிழைகளைச் சுட்டிய பரிசீலனை 36 இடங்களில் மட்டுமே கிடைத்தது. அவற்றிலும் 16 இடங்களில், பரிசீலகர் கண்டித்த பின்னரும் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டனர். அறியாமை என்று சொல்லித் தப்ப இந்தப் பதினாறு பேருக்கு வழியில்லை. ஏற்றவற்றுள் புகழ்பெற்ற பெரும் பதிப்பகங்களின் பத்திரிகைகளும் இருந்தன. சந்தா வாங்கும் பத்திரிகைகளை அவர் சோதிக்கவேயில்லை என்ற ஆட்சேபமும் நியாயமானதே.

டென்வர் நகரில் நூலகராயிருந்த ஜெஃப்ரி பீல் இத்தகைய பதிப்பகங்களின் ஜாபிதா ஒன்றைப் பல ஆண்டுகள் பேணி, 2017 ஜனவரியில் அகற்றிவிட்டார். வாதியும் நீதிபதியும் ஒருவரேயான அந்த ஏற்பாட்டில், வறிய நாடுகளின் நேர்மையான சிறு பத்திரிகைகளும் பழிக்குள்ளாயின என்பர்.

எனினும் இது வறிய நாடுகளின் வியாதியன்று. டேவிட் மோஹர் குழுவினர் 2017-இல் இத்தகைய பத்திரிகைகளின் 1,907 கட்டுரைகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை வருவாய் மிக்க நாடுகளிலிருந்தும் உயர் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலிருந்தும் வந்திருந்தன. தனிநாடாகப் பார்த்தால் இந்தியா 27 விழுக்காட்டோடு முதலிடம் பெற்றது. அமெரிக்கா 15 விழுக்காட்டோடு அடுத்து நின்றது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதரும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிராணிகளும் அக்கட்டுரைகளின் ஆய்வுக்கு உட்பட்டிருந்தனர். விஞ்ஞானத்துக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் உடலை ஒப்புவித்த நோயாளிக்கு இழைக்கப்படும் இத்துரோகமே, ஆசிரியர் இழக்கும் பணத்தைக் காட்டிலும் பெரியது. ஆனால் அதற்காக வழக்காடுவோர் இல்லை.

ஆசிரியரின் நஷ்டத்துக்கோ வழக்கு நடந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம், கட்டணத்தை மறைத்ததோடு, திரும்பப் பெற விரும்பிய கட்டுரைகளையும் விடுவிக்க மறுத்ததென்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016-இல் தொடுத்த வழக்கில், நெவாடா மாகாணத்து மத்திய நீதிமன்றம் 2019-இல் 5 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

ஏமாந்தவரும் உண்டு; தெரிந்தே பணம் கட்டியவரும் உண்டு. கட்டுரையைப் படியாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பதவி உயர்வு தரும் நிர்வாகமும் அவர்களுடைய கூட்டாளியே. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலினின்றும் 4,305 பத்திரிகைகளை நீக்கியது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை பிரசுரித்தாக வேண்டும் என்ற நிபந்தனையை 2022-இல்தான் கைவிட்டது.