மெல்லொலி காத்த கூம்பு

கூம்பு ஒலிபெருக்கி என்றவுடன் தமிழர் செவியில் முதலில் எழுவது திருவிழா முழக்கமே. கோயில் மதிலிலும் திருமணப் பந்தலின் கம்பத்திலும் கட்டப்பட்டு, ஊரெல்லை வரை ஒலித்து, அருகிருப்பவர் பேச்சையும் கேட்கவொட்டாமல் செய்த கருவி அது. இரைச்சலுக்கே இலக்கணமாகிவிட்ட அக்கருவிக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. மேலைநாட்டு வீடுகள் சிலவற்றில், கூடத்தின் மூலையில், மரத்தால் இழைக்கப்பட்டு, வயலின் நரம்பின்மேல் வில் படியும்போது எழும் மெல்லிய உராய்வையும் கேட்பதற்காகவே வளர்க்கப்பட்டது அது. பெருந்தொழில்கள் அதனைப் பெரிதும் கைவிட்ட காலத்தில் தனிமனிதர்தம் கைகளே அதனைக் காத்தன. அந்த வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

கூம்பின் இயல்பு

ஒலிபெருக்கியில் அதிர்வது ஒரு மெல்லிய தகடு. அது காற்றைத் தள்ளியே ஒலியை உண்டாக்க வேண்டும். காற்றோ மிக இலேசானது. தள்ளினால் எதிர்த்து நில்லாமல் விலகி ஓடுவது. வெறுங்கையை வீசிக் காற்றை உந்த முயல்பவன் களைப்பதுபோல, தகட்டின் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது. கூம்பு இந்நிலையை மாற்றுகிறது. தன் குறுகிய கழுத்தில் காற்றை அடக்கி, தகட்டின் விசைக்கு ஈடான எதிர்ப்பை அது அளிக்கிறது. பின் படிப்படியாக விரிந்து, அகன்ற வாயின் வழியே அவ்வசைவை வெளிக்காற்றில் சேர்க்கிறது. கூம்பு ஒலியைப் புதிதாகப் படைப்பதில்லை. பிறந்த ஒலி வீணாகாமல் காக்கிறது. நம் கொம்பும் தாரையும் நாகசுரத்தின் அணசும் விரிந்த வாயுடன் அமைந்திருப்பது வெறும் அழகுக்காக அன்று.

எடிசன் 1877இல் கண்ட ஒலிப்பதிவுக் கருவியின் வழிவந்த கிராமபோன்கள், மின்சாரத்தின் துணை சிறிதும் இன்றி, கூம்பின் வலிமை ஒன்றாலேயே கூடம் நிறையப் பாடின. இவ்வியல்பைக் கணித நெறியில் விளக்கி, அமெரிக்க இயற்பியலறிஞர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919இல் வெளியிட்ட கட்டுரை, கூம்பு பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று.

வறுமையில் பிறந்த நுட்பம்

மின்பெருக்கியின் தொடக்க நாள்கள் ஆற்றல் வறுமையின் நாள்கள். அவ்வறுமையே கூம்பை வளர்த்தது. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அவருடைய நண்பர் எட்வின் பிரிதாமும் கலிபோர்னியாவின் நாபா நகரில் உருவாக்கிய ஒலிபெருக்கி, 1915ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்கு முந்திய நாளில் சான்பிரான்சிஸ்கோ மக்கள் முன் ஒலித்தது. ‘மேக்னவாக்ஸ்’ என்று அதற்குப் பெயர் சூட்டினர். இலத்தீனில் ‘பெருங்குரல்’ என்பது பொருள். 1919இல் சான்டியாகோ நகரில் ஏறத்தாழ 50,000 பேர் முன் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பேசியபோது, அவர் குரலைச் சுமந்ததும் இக்கருவியே.

1926இல் இசையொலி இணைந்த திரைப்படங்கள் அரங்கேறியபோது, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெருங்கூம்புகள் சில வாட் ஆற்றலைக் கொண்டே அரங்கு முழுவதையும் நிறைத்தன. ஆனால் அவை ஆளுயரத்தையும் மிஞ்சியவை, அரங்குக்கு உரியவை. வீட்டுக்குள் அவற்றை எவ்வாறு கொணர்வது?

இடர் மெலிவொலியில்தான் இருந்தது. வலிவு, சமன், மெலிவு என்னும் மூவகை இயக்கங்களுள், வலிவுக்கு உள்ளங்கையளவு கூம்பு போதும். சமனுக்கு ஒரு முறத்தளவு போதும். மெலிவின் நிலையோ வேறு. நொடிக்கு 40 அதிர்வு கொண்ட ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். கூம்பின் வாய்ச் சுற்றளவு இந்நீளத்திற்கு ஈடாக இருத்தல் வேண்டுமெனின், வாயின் விட்டம் மட்டுமே 2.7 மீட்டராகிவிடும். அதனை வைத்தபின் வீட்டில் மனிதருக்கு இடமிராது.

மூலையைக் கண்ட இருவர்

இங்கிலாந்தில் பால் வாய்ட், டிராக்டிரிக்ஸ் என்னும் வளைகோட்டின் வடிவில் கூம்புகளை அமைத்து, 1930களில் வீட்டு மூலைக்கென்றே ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவில் அவ்வழியை முழுமையாக்கியவர் பால் வில்பர் கிளிப்ஷ். 1904இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த அவர், சிலி நாட்டில் மின் இரயில் எஞ்சின்களைப் பேணியவர், ஸ்டான்போர்டில் பயின்றவர், நிலத்தடி எண்ணெய் வளம் தேடும் ஆய்விலும் ஈடுபட்டவர். ஒலிபெருக்கியோ அவர் ஓய்வு நேரத்து வேட்கை.

அவர் கண்ட உண்மை எளியது. இரு சுவரும் தரையும் கூடும் மூலையில் கூம்பின் வாயை வைத்தால், அச்சுவர்களே கூம்பின் நீட்சியாகிவிடுகின்றன. வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கே போதுமானதாகிறது. நீண்ட கூம்பைப் பெட்டிக்குள் மடித்து வைத்தால் இடமும் மிஞ்சுகிறது. வீடே இசைக்கருவியின் உறுப்பாக மாறும் இவ்வமைப்புக்கு 1943இல் அவர் காப்புரிமை பெற்றார். போர்க்காலத்தில் படைப்பணியின் பொருட்டு ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூருக்கு வந்தவர், போருக்குப் பின்னும் அங்கேயே தங்கி, 1946இல் ஒரு தகரக் கொட்டகையில் தொழிலைத் தொடங்கினார். ‘கிளிப்ஷார்ன்’ பிறந்த வரலாறு இதுவே.

அதன் திறனை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். 1 வாட் ஆற்றலுக்கு, 1 மீட்டர் தொலைவில், கிளிப்ஷார்ன் தரும் ஒலியளவு ஏறத்தாழ 105 டெசிபல் என அந்நிறுவனம் குறித்துள்ளது. கூம்பில்லாத சிறு பெட்டிகளுள் பல தருவது 85 டெசிபல் அளவே. இருபது டெசிபல் வேறுபாடு என்பது ஆற்றலில் நூறு மடங்கு. கூம்பு 1 வாட்டில் செய்வதைச் சிறுபெட்டி செய்வதற்கு 100 வாட் வேண்டும். ஆயினும் கிளிப்ஷ் நாடியது உரப்பை அன்று. தகடு எவ்வளவு குறைவாக அசைகிறதோ அவ்வளவு குறைவாக ஒலி திரிகிறது என்பதே அவர் கொள்கை. உழைப்புக் குறைந்த இடத்தில் தெளிவு மிகுகிறது. இடியோசைக்கு இடையிலும் மூச்சொலி மறையாமல் நிற்கிறது.

பெருந்தொழில் விலகிய காலம்

1954இல் எட்கர் வில்ச்சர் வடித்த அடைபெட்டி ஒலிபெருக்கி, புத்தக அலமாரியில் அடங்கும் அளவிலேயே ஆழ்ந்த மெலிவொலியைத் தந்தது. அதற்கு ஆற்றல் மிகுதியாக வேண்டியிருந்தது. 1960களில் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் அதனை மலிவாகவே வழங்கின. இரு தட ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958இல் கடைக்கு வந்தபின், ஒரு மூலையை விட்டுக்கொடுத்த இல்லத்தாரும் இரண்டாம் மூலையைக் கேட்டபோது தயங்கினர். விட்டு விளாசுவதற்கு ஆற்றல் இருக்கையில் காத்துச் செலவிடும் கலை எதற்கு என்று சந்தை கேட்டது. கிளிப்ஷின் நிறுவனம் போன்ற சில விடாது நின்றன. பிற பலவும் சிறுபெட்டியை நாடின.

கைகள் காத்த அறிவு

இக்காலத்தில்தான் இல்லக் கைவினைஞரின் பங்கு தொடங்குகிறது. பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் 1974இல் ஜாக் டின்ஸ்டேல் மூன்று பகுதிகளாக எழுதிய கட்டுரை, கூம்பின் கணக்கைச் சாதாரண ஆர்வலரும் பின்பற்றுமாறு விளக்கியது. அமெரிக்காவில் 1980இல் தோன்றிய ‘ஸ்பீக்கர் பில்டர்’ இதழில் புரூஸ் எட்கர் எழுதிய கட்டுரைகள், வாய்ட்டின் வளைகோட்டை மீண்டும் மரத்தில் எழுப்பக் கற்றுத்தந்தன. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் டேவிட் மெக்பீன் ‘ஹார்ன்ரெஸ்ப்’ என்னும் கணினி நிரலைப் படைத்து விலையின்றி வழங்கினார். பலகையை அறுக்கும் முன்பே கூம்பின் குரலைத் திரையில் காணும் வாய்ப்பு அதனால் கிட்டியது.

கட்டுவோர்க்கு இது பொறுமையின் பயிற்சி. ஒட்டுப்பலகையைச் சாய்கோணங்களில் அறுத்துப் பொருத்த வேண்டும். மூட்டுகளில் மயிரிழை இடைவெளியும் ஆகாது, காற்றுக் கசிந்தால் மெலிவொலி நலிந்துவிடும். அறையில் நல்ல மூலை இல்லாதவர் பலகைகளால் பொய்மூலை அமைத்துக்கொண்டனர். எட்டு வாட் தரும் பழைய வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளும் இவர்கள் கையில் மறுவாழ்வு பெற்றன.

மேம்பாடும் மூலபாடமும்

பழைய கூம்புகளை மேம்படுத்தும் பணி இதனினும் நுண்ணியது. மூவகை ஒலியைப் பிரித்தனுப்பும் சுற்றிலுள்ள மின்தேக்கிகள் பல்லாண்டுகளில் தளர்கின்றன. அதே அளவுள்ள புதியவற்றை இட்டால் மங்கிய குரல் தெளிகிறது. சமனொலிக்கான பழைய உலோகக் கூம்பு தானும் மணிபோல் அதிர்வதுண்டு. அதன் புறத்தே பிசினைப் போன்ற பொருளை அப்பி அவ்வதிர்வை அடக்குவர். சிலர் அவ்வுலோகத்தையே நீக்கி, மரத்தாலான டிராக்டிரிக்ஸ் கூம்பைப் பொருத்துவர். மடிப்புகளுக்குள் சுற்றி வரும் மெலிவொலி, ஒவ்வொரு மீட்டருக்கும் நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு பிந்துகிறது. பிற ஒலிகளை அதற்கேற்ப நிறுத்தி அனுப்பும் எண்முறைக் கருவியை வேறு சிலர் இணைப்பர்.

இவற்றுள் எது கிளிப்ஷின் கருவி, எது மற்றொருவர் கருவி? ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர்க்கு இவ்வினா புதிதன்று. செல்லரித்த எழுத்தை மீட்பது பதிப்பாசிரியர் பணி. மூலத்தின் பொருளை விளக்குவது உரையாசிரியர் பணி. தாம் எழுதியதை மூலத்தோடு கலந்துவிடுவது இடைச்செருகல். மின்தேக்கியை மாற்றுவது முதல்வகை. அதிர்வை அடக்குவதும் காலத்தை நேர்செய்வதும் இரண்டாம் வகை. கூம்பையே மாற்றுவது எவ்வகை என்பது, மாற்றியவர் அதனை எவ்வாறு செய்தார் என்பதைப் பொறுத்தது. நல்ல கைவினைஞர் பழைய உறுப்பைத் துளைக்காமல், வெட்டாமல் கழற்றி, பெட்டியிலிட்டுப் பெயரெழுதி வைக்கிறார். மாற்றிய அளவுகளைக் குறித்தும் வைக்கிறார். பின்வருவோர் விரும்பினால் மூலத்திற்கே மீளலாம். அக்குறிப்பு இல்லாத இடத்தில், ஒலி எவ்வளவு இனிதாயினும், ஒரு பாடம் அழிந்துபோகிறது.

மூலத்தை மாற்றவே கூடாது என்பார்க்கும் வரலாறு ஒரு விடை வைத்துள்ளது. கிளிப்ஷே தம் கருவியைப் பல்லாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். முதலில் இருவழியாக இருந்தது பின்னர் மூவழியாயிற்று, இயக்கிகள் மாறின, பகுப்புச் சுற்றுகள் மாறின. மாறாதிருந்தவை மூலையும், மடிப்பும், ஆற்றலைச் சிக்கனமாய்ச் செலவிடும் நெறியும். 2002இல் அவர் மறைந்தபின்னும் அக்கருவி ஹோப் ஊரில் தொடர்ந்து செய்யப்பட்டது.

நிறைவு

ஆற்றல் அரிதாக இருந்தபோது கூம்பு தேவையால் பிறந்தது. ஆற்றல் மலிந்தபோது அது தேவையற்றதாயிற்று. ஆயினும் சிலர் அதனை விடவில்லை. பேரொலி எங்கும் எளிதாகக் கிடைத்த உலகில் அவர்கள் தேடியது, சிற்றொலி சிதையாமல் வந்து சேரும் வழியை. அவ்வழிக்காகத் தம் வீட்டின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தனர். மாலைப் பொழுதுகளை மரத்தூளில் கழித்தனர். கற்றதை இதழ்களில் எழுதி, முன்பின் அறியாதவர்க்கும் கொடுத்தனர். உரக்கப் பேசும் ஆற்றல் மிகுந்த காலத்தில், குறைந்த உழைப்பில் நிறைந்து ஒலிக்கும் ஒரு கலை அழியாதிருப்பது அவர்களால்தான்.