அன்னவாசல் வட்டாரமும் கிராமச் செவிலியரும்

நோயின் வேர் உடலில் மட்டுமன்றிக் கூலியிலும் உணவிலும் சாலையிலும் இருக்கிறது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் அன்னவாசல் போன்ற வானம் பார்த்த வட்டாரங்களில் முதலில் நேரில் கண்டவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்களே ஆவர். சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்றாக அமையும் துணை சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகச் சென்று, கருவுற்றோரைப் பதிவுசெய்து, தடுப்பூசிக்கு ஆள் திரட்டும் பெண் பணியாளரே இவ்வாறு அழைக்கப்படுகிறார்.

நிறைமாதத்திலும் களையெடுக்கச் செல்லும் பெண்ணிடம் ஓய்வெடுக்கச் சொல்வது மட்டும் போதாது. அன்றைய கூலி போனால் அடுப்பு எரியாது என்பதையும் செவிலியர் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. இவ்வுண்மையை அரசு ஏற்றதன் அடையாளமாக, புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கியது. ஏழைத் தாயின் ஊட்டத்துக்கும் கூலியிழப்புக்கும் ஈடாகத் தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்த தொகை, 2006இல் 6,000 ரூபாயாக உயர்ந்தது.

1990களின் தொடக்கத்தில் மாவட்டமெங்கும் பரவிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தபோது, அதை ஆர்வத்துடன் பற்றிக்கொண்டவர்களுள் கிராமச் செவிலியரும் இருந்தனர். பேருந்து எட்டாத குடியிருப்புகளுக்கு அவர்கள் பிறர் துணையின்றிச் செல்ல முடிந்ததால், தூரம் என்னும் சமூகத் தடையும் தளர்ந்தது. மருந்துப் பெட்டியோடு குடும்பத்தின் வறுமையையும் அறிந்து சுமந்த இப்பணி, பொது நலவாழ்வு வரலாற்றில் உரிய மதிப்புடன் எழுதப்பட வேண்டியதாகும்.