மதில் அணையான கதை

அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்வோர் கோயிலின் 53 மீட்டர் உயர விமானத்தை அண்ணாந்து பார்த்து வியப்பது வழக்கம். மாணவர்கள் கிழக்கு வாயிலையும் சற்றுக் கவனிக்க வேண்டும். அங்கிருந்த கோபுரத்தின் அடிப்பகுதியே எஞ்சியுள்ளது. சுற்றிலும் இருந்த கருங்கல் மதிலிலும் பெரும்பகுதி இல்லை. அவை எங்கே போயின?

கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக முதலாம் இராசேந்திரன் இவ்வூரைத் தலைநகராக்கினான். கோயில் 1035-இல் நிறைவுற்றது. சோழர் ஆட்சி 13-ஆம் நூற்றாண்டில் முடிவுற்றதும் ஊர் சிற்றூராகச் சுருங்கியது. மாளிகைமேட்டு அகழாய்வில் அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன.

1836-இல் தெற்கே அணைக்கரையில், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. ஏன் கருங்கல்? ஒரு கனமீட்டர் கருங்கல்லின் நிறை சுமார் 2700 கிலோகிராம். செங்கல் கட்டடமோ சுமார் 1900. நீரில் மூழ்கிய பொருள், தான் இடம்பெயர்க்கும் நீரின் எடையளவு எடை குறைந்ததாகத் தோன்றும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. ஒரு கனமீட்டர் நீர் 1000 கிலோகிராம் அல்லவா? அதைக் கழித்தால் கருங்கல்லுக்கு 1700-ம், செங்கல்லுக்கு 900-மே மிஞ்சும். எனவே வெள்ளத்தின் தள்ளுவிசையைத் தாங்கி நிற்பதில் கருங்கல் ஏறத்தாழ இரு மடங்கு வல்லது. கொள்ளிடக் கரையோ வண்டல் நிலம், பாறை கிடையாது. அருகில், செதுக்கி அடுக்கிய நிலையில் நின்றது கோயில் மதில்!

ஊர் மக்கள் தடுக்க முயன்றனர், தண்டனையே கிடைத்தது. இடித்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக வாக்களித்தனர். அவ்வாக்கு நிறைவேறவில்லை என்று 1855-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று வருந்துகிறது.

கீழணையால் விளைந்த நன்மையையும் மறுப்பதற்கில்லை. அங்கிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் செல்கிறது, வயல்கள் விளைகின்றன, சென்னைக்கும் குடிநீர் போகிறது. ஆயினும் அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

2004-இல் இக்கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. அதைக் காணச் செல்பவர்கள் அப்படியே அணைக்கரைக்கும் சென்று வாருங்கள். கோயிலின் மறு பாதி வரலாறு அங்கே நீருக்கடியில் இருக்கிறது.