பழைய படமும் படை வண்டியின் எண்ணும்

சரித்திரம் என்றால் அரசர் பெயரும் யுத்தம் நடந்த ஆண்டும் மட்டுமே என்று எண்ணுவோர் நம்மில் பலர். தோட்ட லயத்திலும் பட்டணத்து வீட்டிலும் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழுப்பேறிய புகைப்படமும் சரித்திரமே. ஆயினும், அதன் பின்புறத்தில் யாரோ எழுதியதை அப்படியே நம்புவது ஆராய்ச்சி ஆகாது. படத்தில் ஒரு படை வண்டி நிற்குமாயின், அவ்வண்டியையே சாட்சிக்கு அழைக்கலாம்.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் பாதையில் உள்ளது உலு திராம். 1942 ஜனவரி இறுதியில் மெர்சிங் பக்கத்திலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலியப் படையினர் இப்பாதை வழியே தெற்கே சென்றனர். பின்னர் ஜப்பானியர் ஆட்சி. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டும் வருகை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். இன்றும் தரைப்படையின் போர்ப் பயிற்சி நிலையம் இவ்வூரில் உண்டு. ஆகவே, இடத்தைக் கொண்டு மட்டும் காலத்தை அறுதியிட இயலாது.

முதலில் உருவத்தை நோக்குக. கானடாவில் போர்டு, செவர்லே கம்பெனிகள் செய்த குட்டை மூக்கு லாரிகளில், முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் வகை 1942இல்தான் பரவலாயிற்று. ஒன்பது துளைகளையுடைய முகப்புத் தகடு கொண்ட ஜீப்பும் அவ்வாண்டுக்குரியதே. சிங்கப்பூரோ 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்துவிட்டது. ஆகையால், மலாயாவில் எடுத்த படத்தில் இவை காணப்படின், அது பிரிட்டிஷார் திரும்பிய பின் எடுத்ததென்று கொள்வதே முறை.

அடுத்தது எண். பிரிட்டிஷ் படையினர் யுத்த காலத்தில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து தீட்டினர்: லாரிக்கு எல், சிறு டிரக்குக்கு இசட், சங்கிலிச் சக்கர வண்டிக்கு டி, மோட்டார் சைக்கிளுக்கு சி. 1949இல் இம்முறை மாறி, இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மீண்டும் இரண்டு இலக்கம் என்றாயிற்று. இவ்வெண் தெரியுமாயின் படம் அவசரகாலத்தது அல்லது அதற்கும் பிந்தியது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிரிட்டிஷார் விட்டுச்சென்ற வண்டிகளை ஜப்பானியர் கைப்பற்றி ஓட்டினர். வண்டி செய்த நாடு வேறு, ஓட்டிய படை வேறு. ஜப்பானியத் தரைப்படைக்கு நட்சத்திரம், கடற்படைக்கு நங்கூரம் சின்னம், அவற்றையும் தேடுக.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஆட்கள் நிறைந்த லாரிப் படமொன்றின் பின்னே “சயாமுக்குக் கொண்டுபோன லாரி” என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. லாரியின் கண்ணாடியோ முன்சாய்ந்தது. எனில், அவர்கள் போனவர்கள் அல்லர். ஒருகால் உயிரோடு திரும்பியவர்களாகவும் இருக்கலாம். பொய்யான குறிப்புள்ள ஒரு படத்தைக் காட்டி, மெய்யான துயரம் அனைத்தையும் மறுக்க ஆள் இருக்கிறது. அதற்கு நாமே இடங்கொடுக்கலாமா?

காஞ்சனபுரியில் மாண்ட போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே மடிந்த நம் தொழிலாளருக்கு முழுமையான பெயர்ப்பட்டியலே இல்லை. லாரிக்குக்கூட எண்ணிட்டுப் பதிந்த உலகம், அதில் ஏறியவர்களைப் பதியவில்லை. எனவே, எஞ்சிய படங்களின் ஓரங்களை வெட்டாதீர். எண்ணின்மேல் மை தீட்டாதீர். பூதக்கண்ணாடியால் கண்டதை ஒரு தாளிலும், பெரியோர் சொன்னதை மற்றொரு தாளிலும் எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துவருமிடமே நாம் உறுதியாக நிற்கக்கூடிய இடம்.