வலி நின்றுவிட்டால் பல் ஆறிவிட்டதென்று பொருளல்ல

சிதைந்த பல்லைக் காப்பதற்கும் இழந்த பல்லை ஈடுசெய்வதற்கும் இன்று பலர் நாடும் சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, 'கிரவுண்' எனப்படும் பல்லுறை. எஞ்சியுள்ள பல்லைச் செதுக்கி, அதன்மீது செராமிக் அல்லது உலோகத்தாலான உறையை ஒட்டுவது இது. மற்றையது, 'இம்பிளான்ட்' எனப்படும் பல் பதியம். பல் இல்லாத இடத்தில் தாடையென்பினுள் டைட்டானியம் திருகாணியொன்றைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவது இது. எமது நாட்டில் பதியச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் நிலையங்களிலேயே செய்யப்படுவதால், பல குடும்பங்கள் நீண்ட காலச் சேமிப்பை இதற்கெனச் செலவிடுகின்றன. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்னர் என்ன நடக்கும், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற தெளிவு நம்மிடையே குறைவாகவே உள்ளது.

நோயாளிகள் பெரும்பாலும் வலியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். வலித்தால் அஞ்சுகின்றனர், வலி நின்றால் ஆறிவிட்டது என எண்ணிப் பழைய பழக்கங்களுக்குத் திரும்பிவிடுகின்றனர். பற்சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் இரு வழிகளிலும் ஏமாற்றக்கூடியது. முதல் மூன்று நாட்களின் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இயல்பானவை. அதற்குப் பின் வரும் வலியற்ற வாரங்களே பதியத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

பல்லுறை பொருத்திய பின்னர்

பல்லுறைச் சிகிச்சை வழக்கமாக இரு தடவைகளில் நிறைவேறும். முதல் தடவையில் பல் செதுக்கப்பட்டு, அச்சு எடுக்கப்பட்டு, தற்காலிக உறை ஒட்டப்படும். நிரந்தர உறை தயாராக ஓரிரு வாரங்கள் செல்லலாம். விறைப்பு ஊசியின் தாக்கம் சில மணி நேரம் நீடிக்கும் என்பதால், அதுவரை உண்பதையும் சூடான தேநீர் அருந்துவதையும் தவிர்ப்பது நல்லது. உதடும் நாவும் மரத்திருக்கும்போது கடித்துக்கொண்டாலும் சுட்டுக்கொண்டாலும் தெரியாது.

தற்காலிக உறை இருக்கும் நாட்களில் தொதல், டொபி போன்ற ஒட்டும் பண்டங்களை ஒதுக்கி, மறுபக்கத்தால் மெல்ல வேண்டும். உறை கழன்றுவிட்டால் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு விரைவில் வைத்தியரிடம் செல்ல வேண்டும். வீட்டிலுள்ள பசையால் ஒட்ட முற்படுவது ஆபத்தானது. காலம் தாழ்த்தினால் அயற் பற்கள் சற்றே நகர்ந்து, நிரந்தர உறை பொருந்தாமற் போகலாம்.

நிரந்தர உறை ஒட்டிய பின், உயிருள்ள பல்லாயின் குளிருக்கும் சூட்டுக்கும் கூச்சம் ஏற்படுவதும், முரசு சற்று நோவதும் சில நாட்களுக்கு இயல்பே. ஆனால் வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பதுபோல் தோன்றினால், 'பழகிவிடும்' எனக் காத்திருக்கலாகாது. உறையின் உயரத்தைச் சீர்செய்வது சில நிமிட வேலை. விட்டுவிட்டாலோ பல்லின் வேரைச் சுற்றியுள்ள இழையங்கள் நைந்து, கடிக்கும் போதெல்லாம் நோகும். இரவில் தானாக எழும் துடிக்கும் வலியும், சூடு பட்டபின் நெடுநேரம் நீடிக்கும் வலியும் பல்லின் நரம்பு பாதிக்கப்பட்டுள்ளதைக் காட்டுபவை. அவ்வேளையில் வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம்.

பதியத்தின் முதல் வாரம்

பதியம் வைப்பது ஒரு சிறு சத்திரசிகிச்சை. முதல் நாளில் உமிழ்நீரில் சிறிதளவு இரத்தம் கலந்து வருவது வழமை. சுத்தமான கோஸ் துணியை மடித்து அவ்விடத்தில் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடித்தால் கசிவு அடங்கும். அன்றைய தினம் வாயைக் கொப்பளிப்பதும், பலமாகத் துப்புவதும், உறிஞ்சுகுழாயால் பானம் அருந்துவதும் கூடாது. காயத்தை மூடியுள்ள இரத்தக்கட்டி கலைந்துவிடும். கன்னத்தின் வெளிப்புறத்தில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இருபது நிமிடங்கள் வரை வைத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். உறங்கும்போது தலையைச் சற்று உயர்த்திக்கொள்வது வீக்கத்தைக் குறைக்கும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளிலேயே உச்சத்தை அடையும். இதை அறியாதோர் 'நேற்றைவிட இன்று கூடிவிட்டதே' எனப் பதறுவதுண்டு. அதன் பின்னர் அது குறைந்துகொண்டே செல்ல வேண்டும். இரண்டாம் நாள் முதல் இளஞ்சூடான உப்பு நீரால் மெதுவாக அலசலாம்; வைத்தியர் தந்த குளோர்ஹெக்சிடின் திரவத்தை அவர் கூறியபடி பயன்படுத்தலாம். ஆறிய கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறு, மசித்த மரக்கறி, தயிர் ஆகியன இந்நாட்களுக்கு ஏற்றவை. தையல் ஏழு முதல் பத்து நாட்களில் அகற்றப்படும், அல்லது தானாகக் கரையும். மேல் தாடையின் பின்புறத்தில் பதியம் வைத்தவர்கள் சில நாட்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தலாகாது.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தப்போக்கு, மூன்றாம் நாளின் பின்னரும் கூடிச்செல்லும் வலியும் வீக்கமும், சீழ், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், பதியம் அசைவது ஆகியன அவை. கீழ்த்தாடைப் பதியத்தின் பின், மறுநாள் காலையிலும் உதடோ நாடியோ மரத்திருந்தால் அன்றே அறிவிக்க வேண்டும். நரம்பு அழுத்தப்பட்டிருந்தால் விரைவில் கவனிப்பதிலேயே பலன் தங்கியுள்ளது.

எமது நாட்டுச் சூழலில் இன்னொன்றும் முக்கியம். சத்திரசிகிச்சைக்குப் பின் காய்ச்சல் கண்டால், அது கிருமித்தொற்றாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். பற்சிகிச்சையில் சாதாரணமாகத் தரப்படும் இபுபுரூபன் போன்ற வலிநிவாரணிகள் டெங்கு நோயாளிக்கு இரத்தப்போக்கு ஆபத்தை உண்டாக்குபவை. ஆகவே காய்ச்சல் தோன்றினால் அம்மாத்திரைகளைத் தொடராது உடன் வைத்திய ஆலோசனை பெற வேண்டும்.

எவரும் உணராத மாதங்கள்

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1950களில் முயலின் காலென்பில் டைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தி இரத்தோட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வின் முடிவில் அக்கருவியைக் கழற்ற முடியவில்லை. என்பு அதனோடு இறுகப் பிணைந்திருந்தது. இதன் வழியே 1965ஆம் ஆண்டில் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதலாவது டைட்டானியப் பற்பதியங்கள் வைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அவர் மரணமடையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை பயன்பட்டன.

என்பு உலோகத்தோடு பிணையும் இச்செயல் ஒரே நாளில் நிகழ்வதன்று. முதல் நாளில் பதியத்தைத் தாங்கி நிற்பது திருகாணியின் இறுக்கமே. பின்வரும் வாரங்களில் அதைச் சுற்றியுள்ள பழைய என்பு கரைந்து, புதிய என்பு வளர்கிறது. இந்த மாற்றத்தின் நடுவே, ஏறத்தாழ மூன்றாம் நான்காம் வாரங்களில், பதியத்தின் பிடி முதல் நாளில் இருந்ததைவிடத் தளர்ந்திருக்கும். நோயாளிக்கோ அப்போது வலியேதும் இராது. முறுக்கையும் கச்சானையும் அப்பக்கத்தால் கடிக்கத் துணிவதும் அப்போதுதான். முழுமையான பிணைப்புக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் தேவை. என்பு உறுதியாக உள்ளோருக்கு இது குறையலாம்.

இப்பிணைப்பின் முதற் பகைவன் புகைத்தல். அது முரசுக்கும் என்புக்குமான இரத்தோட்டத்தைக் குறைத்து, பதியம் தோல்வியுறும் வாய்ப்பைப் பெருக்குகிறது. புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவதும் அவ்வாறே காயத்தை ஆறவிடாது. பாக்கின் கடினம் உறையையும் உடைக்கக்கூடும். கட்டுப்பாடற்ற நீரிழிவு மற்றொரு தடை. இரத்தச் சர்க்கரையைச் சீராக்கிய பின்னரே பதியம் வைப்பது நன்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோ, என்புத் தேய்வுக்கான மருந்தோ எடுப்பவர்கள் அதனை முன்கூட்டியே கூற வேண்டும். தாமாக நிறுத்தலாகாது.

நோன்பு, விரதம் அனுஷ்டிப்போர் மருந்து வேளைகளையும் மென்மையான உணவையும் கருதி, அவசரமற்ற பதியச் சிகிச்சையை அந்நாட்களுக்கு அப்பால் வைத்துக்கொள்வது குறித்து வைத்தியருடன் பேசலாம். என்பு போதாத இடத்தில் இடப்படும் என்புத்தூளும் மென்சவ்வும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பெறப்பட்டவையாக இருப்பதுண்டு. இதில் தயக்கமுள்ள இந்து, முஸ்லிம் நோயாளிகள் சிகிச்சைக்கு முன்னரே வினவினால், செயற்கை முறையில் தயாரித்த மாற்றுப் பொருட்களைப் பற்றி அறியலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து பதியம் வைப்போர், அதன் வகையும் அளவும் எழுதிய குறிப்பைப் பெற்றுச் செல்ல வேண்டும். மிகுதிச் சிகிச்சையைத் தொடரப்போகும் வைத்தியருக்கு அது இன்றியமையாதது.

பல் வந்த பின்னரும்

பிணைப்பு உறுதியான பின், மேற்பகுதியும் உறையும் பொருத்தப்படும். செயற்கைப் பல்லில் பற்சூத்தை வராது என்பது உண்மை. ஆனால் உறையிட்ட இயற்கைப் பல்லின் ஓரத்தில் சூத்தை வரும். பதியத்தைச் சுற்றியுள்ள முரசிலும் என்பிலும் அழற்சி வரும். பதியத்தில் நரம்பில்லை என்பதால் இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே என்பை அரிக்கிறது. துலக்கும்போது இரத்தம் வருவதே முதல் எச்சரிக்கை. நாள்தோறும் இருமுறை துலக்குவதும், பல்லிடைத் தூரிகையால் சுத்தம் செய்வதும், ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்குச் செல்வதும் இதற்கான காப்பு.

சிகிச்சை செய்வது வைத்தியரின் கையில் ஒரு மணி நேரம். ஆற்றுவது நோயாளியின் பொறுமையில் பல மாதங்கள். வலி இல்லை என்பதற்காக மறுபரிசோதனைத் தினத்தைத் தவறவிடாதிருப்பதே, செலவிட்ட பணத்துக்கும் பட்ட நோவுக்கும் நாம் செய்யக்கூடிய நியாயமாகும்.