காத்திருப்பவனின் விலை

முடியரசர் வரலாற்றில், பட்டத்துக்கு உரியவன் முடி சூடும்வரை என்ன செய்துகொண்டிருந்தான் என்பது விரிவாக எழுதப்படுவதில்லை. மெய்க்கீர்த்திகளில் இளங்கோப் பருவம் ஓரிரு அடிகளில் கடந்துபோகும். பலவற்றில் அதுவும் இராது. காத்திருத்தல் வரலாறு ஆகாது என்பது பழைய எண்ணம். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பதைத் தொலைதூரத்து உலகம் ஒன்றைக் கொண்டு காட்ட இங்கே முயல்கிறோம். அமெரிக்கக் கால்பந்தில் மாற்றுக் குவார்ட்டர்பேக்குகளை வாங்கியும் விற்றும் அணிகள் நடத்திய பேரங்களின் வரலாறு அது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். இது நாமறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். களத்தில் அணிக்கு 11 பேர். அவர்களுள் குவார்ட்டர்பேக் என்பவரே ஒவ்வொரு முறையும் பந்தைப் பெற்று, எறிவதா, பிறரிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா என்று சில நொடிகளில் முடிவு செய்பவர். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இவ்விடத்தில் பெரும்பாலும் ஒருவரே ஆடுவார். ஆகவே இரண்டாமவர் ஆண்டு முழுவதும் பந்தைத் தொடாமலே இருக்கக்கூடும். கிரிக்கெட்டின் பன்னிரண்டாம் ஆட்டக்காரராவது தண்ணீர் கொண்டுவருவார், பந்தைத் தடுப்பார். இவருக்கு அதுவும் இல்லை. முதலாமவரின் தோளோ முழங்காலோ முறிந்தால்தான் இவருக்கு வாழ்வு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கின்றன. ‘டிராஃப்ட்’ எனப்படும் இம்முறையில், முந்தைய ஆண்டு தோற்ற அணிக்கு முதல் உரிமை. அந்தத் தேர்வுரிமையையே அணிகள் நாணயம்போல் கைமாற்றிக்கொள்ளலாம். ‘இரண்டாம் சுற்று உரிமை’ என்பது இங்கே பணத்துக்கு நிகரான பொருள்.

* * *

மாற்று ஆட்டக்காரரின் விலை ஒரு காலத்தில் எவ்வளவு மலிவாக இருந்தது என்பதற்கு ஏர்ல் மோரல் சான்று. 1968இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் புகழ்பெற்ற ஜானி யுனைடஸின் கை பழுதுற்றபோது, அவ்விடத்தில் இறங்கிய மோரல் 14 ஆட்டங்களில் 13ஐ வென்று தந்தார். அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் பெற்றார். ஆயினும் 1972இல் அவ்வணி அவரைக் கழித்துவிட்டது. மயாமி டால்ஃபின்ஸ் அவரை எடுத்துக்கொண்டது; அதற்குச் செலுத்திய கட்டணம் 100 டாலர். பால்டிமோரில் அவருக்குப் பயிற்சியாளராய் இருந்த டான் ஷூலாவே அப்போது மயாமியின் பயிற்சியாளர். ஆளை அறிந்தவர் வாங்கினார்.

அவ்வாண்டு ஐந்தாம் ஆட்டத்தில் மயாமியின் பாப் கிரீஸிக்குக் கால் முறிந்தது. 38 வயது மோரல் களமிறங்கினார். அணி 17 ஆட்டங்களையும் வென்றது. அவ்விளையாட்டில் ஆண்டு முழுவதும் தோல்வியே காணாமல் சூப்பர் பௌல் வென்ற அணி அது ஒன்றே. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தைத் தொடங்கியவர் மோரல் அல்லர். குணமாகித் திரும்பிய கிரீஸி. மோரல் மறுபடியும் பெஞ்சில் அமர்ந்தார்.

* * *

100 டாலர் மலிவு என்று நாம் வியக்கலாம். ஆனால் அந்த மலிவுக்குக் காரணம் ஆளின் திறன்குறைவு அன்று; அக்காலச் சட்டம். 1993க்கு முன் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரும் நடைமுறையில் பழைய அணிக்கே கட்டுப்பட்டிருந்தார். 1989இல் கொண்டுவந்த ஏற்பாட்டிலும் ஓர் அணி 37 ஆட்டக்காரர்களைத் தன்னிடமே நிறுத்திவைத்துக்கொள்ளலாம். ஆகவே நல்ல மாற்று ஆட்டக்காரரைக் களஞ்சியத்தில் நெல்லைப் போல் வைத்திருக்க முடிந்தது.

சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அதைத்தான் செய்தது. 1986இல் ஜோ மாண்டானாவுக்கு முதுகில் அறுவை நடந்தது. பயிற்சியாளர் பில் வால்ஷ் அடுத்தவரைத் தேடினார். 1987இல் தாம்பா பே அணியிடமிருந்து ஸ்டீவ் யங்கைப் பெற்றார். கொடுத்த முதன்மை விலை இரண்டாம் சுற்று உரிமை ஒன்றும் நான்காம் சுற்று உரிமை ஒன்றும். மாண்டானாவோ ஓய்வுபெறவில்லை. 1989 ஜனவரியிலும் 1990 ஜனவரியிலும் சூப்பர் பௌல் வென்றார். 1987 முதல் 1990 வரை நான்கு பருவங்களில் யங் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் 10. இருபத்தைந்து வயதில் வந்தவர், இருபத்தொன்பதைத் தொடும்வரை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தார். 1991இல் மாண்டானாவின் முழங்கை பழுதுற்ற பிறகே வழி திறந்தது. 1993இல் அணி மாண்டானாவைக் கன்சாஸ் சிட்டிக்கு விற்றது. அதில் கிடைத்தது முதல் சுற்று உரிமை. 1995 ஜனவரி சூப்பர் பௌலில் யங் ஆறு ‘டச்டவுன்’ எறிந்து வென்றார்.

இதை நிர்வாகத்தின் தொலைநோக்கு என்று எழுதுவோர் பலர். நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தொலைநோக்குக்கு முதலீடு யாருடையது? அணி கொடுத்தது இரண்டு தேர்வுரிமைகள். யங் கொடுத்தது தம் இளமையின் நான்கு ஆண்டுகள்.

* * *

1992 செப்டம்பரில் ஃப்ரீமன் மெக்நீல் முதலியோர் தொடுத்த வழக்கில், 37 பேரை நிறுத்திவைக்கும் அவ்வேற்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று நடுவர்குழு தீர்ப்பளித்தது. 1993இல் புதிய உடன்பாடு வந்தது. குறித்த ஆண்டுகள் ஆடி ஒப்பந்தம் முடித்தவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்றாயிற்று. மறுபுறம் 1994 முதல் ஓர் அணி ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் வரம்பு 3 கோடியே 46 இலட்சம் டாலர்.

இவ்விரண்டு விதிகளும் சேர்ந்து மாற்றுக் குவார்ட்டர்பேக்கின் இயல்பையே மாற்றின. களஞ்சிய நெல்லாக இருந்தவர் பூக்கடைச் சரமானார். ஒப்பந்தம் முடியும் நாளுக்குள் விற்காவிட்டால், கைப்பொருள் விலையின்றிப் போய்விடும். வரம்பு இருப்பதால் இரண்டு பேருக்கும் அரசனுக்குரிய ஊதியம் தரவும் இயலாது. இனி அணியின் முன் மூன்று வழிகளே: அரசனை விற்பது, இளவரசனை விற்பது, இரண்டும் செய்யாமல் இளவரசனை இழப்பது.

இப்புதுச் சந்தையை முதலில் நன்கு புரிந்துகொண்டவர் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ரான் வுல்ஃப். 1992இல் அட்லாண்டா அணியில் அமர்ந்திருந்த பிரெட் ஃபாவ்ர் என்ற இளைஞருக்காக அவர் முதல் சுற்று உரிமையையே கொடுத்தார். அட்லாண்டாவில் ஃபாவ்ர் எறிந்தவை நான்கு பந்துகள். ஒன்றும் தம்மவரைச் சேரவில்லை, இரண்டு எதிரணியின் கைக்குப் போயின. அதே ஃபாவ்ர் 1992 செப்டம்பர் முதல் 2010 டிசம்பர் வரை தொடர்ந்து 297 ஆட்டங்களைத் தொடங்கினார். அரசன் காயப்படாத நாட்டில் இளவரசர்களுக்கு என்ன வேலை? வுல்ஃப் அவர்களைப் பிந்திய சுற்றுகளில் மலிவாகத் தேர்ந்து, பயிற்றி, விற்றார். ஐந்தாம் சுற்றில் எடுத்த மார்க் புருனெல் 1995இல் ஜாக்சன்வில்லுக்குப் போனார். நான்காம் சுற்று ஆரன் புரூக்ஸ் 2000இல் நியூ ஆர்லியன்ஸுக்கு. ஆறாம் சுற்று மாட் ஹாசல்பெக் 2001இல் சியாட்டிலுக்கு. சியாட்டிலில் வாங்கியவர் முன்பு கிரீன் பேயில் பயிற்சியாளராயிருந்த மைக் ஹோம்கிரன். இங்கும் ஆளை அறிந்தவரே வாங்கினார்.

வணிகம் எப்போதும் விற்றவருக்கே நன்மையாய் முடியவில்லை. ஹாசல்பெக்கோடு தன் 17ஆம் தேர்வுரிமையையும் கொடுத்து, கிரீன் பே 10ஆம் உரிமையைப் பெற்றது. அதில் எடுத்த ஜமால் ரெனால்ட்ஸ் சோபிக்கவில்லை. சியாட்டில் அந்த 17இல் எடுத்த ஸ்டீவ் ஹட்சின்சன் 2020இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 1994இல் கிரீன் பே பயிற்சிக் களத்திலிருந்து அனுப்பிவிட்ட இளைஞர் ஒருவர் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். அவர் பெயர் கர்ட் வார்னர். 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் அணிக்குச் சூப்பர் பௌல் வென்று தந்தவர் அவர்தான். அதுவும், முதலாமவர் காயப்பட்டதால் கிடைத்த வாய்ப்பு.

* * *

மூன்று வழிகளையும் ஒரே அணியில் காண விரும்புவோர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸைப் பார்க்கலாம். 2001 மார்ச்சில் அவ்வணி டுரூ பிளெட்சோவுக்குப் பத்தாண்டுக்கு 10 கோடியே 30 இலட்சம் டாலர் ஒப்பந்தம் அளித்தது. ஆறு மாதம் கழித்து அவர் காயமுற்றார். 199ஆம் தேர்வாக வந்த டாம் பிரேடி இறங்கினார். 2002இல் அணி அரசனை விற்றது. பஃபலோ முதல் சுற்று உரிமையைக் கொடுத்து பிளெட்சோவைப் பெற்றது.

2008இன் முதல் ஆட்டத்தில் பிரேடியின் முழங்கால் முறிந்தது. பள்ளிப் பருவத்துக்குப் பின் குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத மாட் காசல் 11 வெற்றி பெற்றுத் தந்தார். அவர் ஒப்பந்தமோ முடிந்துவிட்டது. உயர்ந்த ஊதியம் கொடுத்து ஓராண்டு கட்டிவைக்கும் ‘ஃபிரான்சைஸ் டேக்’ விதியால் அவரைப் பிடித்துவைத்து, 2009இல் மைக் வ்ரேபலையும் உடன் சேர்த்து, 34ஆம் தேர்வுரிமைக்குக் கன்சாஸ் சிட்டிக்கு விற்றார்கள். கை நழுவ இருந்த இளவரசனை வேலி போட்டு நிறுத்தி விற்ற கதை இது.

மூன்றாவது ஜிம்மி கரோப்போலோ. 2014இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அவருடைய நான்காண்டு ஒப்பந்தம் 2017 பருவத்தோடு முடிவதாயிருந்தது. பிரேடிக்கு வயது 40. விலகும் எண்ணம் இல்லை. 2017 அக்டோபர் இறுதியில், கைமாற்றக் கெடு முடியும் தறுவாயில், கரோப்போலோவை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தார்கள். பெற்றது இரண்டாம் சுற்று உரிமை ஒன்று. மூன்றரை ஆண்டு வளர்த்து, ஏறத்தாழ வாங்கிய விலைக்கே விற்றார்கள். வாங்கிய அணி 2018 பிப்ரவரியில் அவருக்கு ஐந்தாண்டுக்கு 13 கோடியே 75 இலட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

அதே பிப்ரவரியில் வரலாறு ஒரு விசித்திரம் செய்தது. சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து 41-33 என்று ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது. பிரேடி 505 கெஜ தூரத்துக்குப் பந்தை எறிந்தும் பயனில்லை. வென்ற அணியின் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ், ஒரு மாற்று ஆட்டக்காரர். ஆட்டத்தையே விட்டுவிட எண்ணியிருந்தவர். முதல் ஆட்டக்காரர் கார்சன் வென்ட்ஸ் டிசம்பரில் காயமுற்றதால் வந்தவர். தன் இளவரசனை விற்ற அணி, இன்னோர் அணியின் இரண்டாமவரிடம் தோற்றது.

விற்றது தவறா? அடுத்த ஆண்டே, 2019 பிப்ரவரியில், பிரேடி மறுபடி வென்றார். ஃபோல்ஸ் 2019இல் ஜாக்சன்வில்லில் 8 கோடியே 80 இலட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்று, முதல் ஆட்டத்திலேயே தோளெலும்பு முறிந்து விழுந்தார். ஓராண்டில் நான்காம் சுற்று உரிமைக்குக் கைமாறினார். எந்த முடிவும் எடுத்த நாளில் சரியென்றோ தவறென்றோ தெரியவில்லை. ஆடாத ஆட்டத்துக்கு விலை சொல்ல எவராலும் முடியாது. ஆயினும் ஒப்பந்தத்தின் கடைசி நாள் ஒரு விலையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நெருக்குகிறது. கையின் வலிமையைவிட நாட்காட்டியே விலையை மிகுதியும் தீர்மானித்திருக்கிறது என்பதே இவ்வரலாற்றில் நாம் காண்பது.

அந்த நாட்காட்டியும் இருபுறமும் கூருள்ளது. அணிக்கு அது கெடு. ஆட்டக்காரருக்கு அதுவே விடுதலை. யங்குக்கு அத்தகைய நாள் ஒன்று இருந்திருக்குமானால் நான்காண்டு காத்திருந்திருப்பாரா? அவர் 2005இல் புகழ்மண்டபத்தில் ஏற்றப்பட்டார். வென்றவரின் காத்திருப்பைப் பொறுமை என்று புகழ்கிறோம். வெல்லாமல் போனவர்களும் அதே பெஞ்சில் அதே ஆண்டுகளைக் கொடுத்தவர்களே. அவர்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. கணக்கேட்டில் ஒரு சுற்றின் எண் மட்டும் இருக்கிறது.